கடைசி வரியை அடித்துவிடு

மூன்றாவது தடவை படித்தபோதும் அந்த இடத்தில் சீனிச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, நோட்டின் ஓரத்தில் சிவப்பு மையால் 'அற்புதம்' என்று எழுதினார்.

போடியில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். வாழ்க்கைக்கு அர்த்தமே இல்லை என்று வாரந்தவறாமல் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை நெய்த்தோசை முடிந்த கையோடு அவர் வீட்டு மாடியில் இலக்கிய வட்டம் கூடும். பிறந்ததே தப்பு, பிறந்துவிட்டு நம்பிக்கை வைப்பது அதைவிடப் பெரிய தப்பு என்பார். ஐம்பதாவது பக்கத்துக்கு மேல் எவனாவது சிரித்துவிட்டால் அவரைப் பொறுத்தவரை அது நாவலே இல்லை.

இப்படிச் சிந்திக்கவே நேரம் போதவில்லை. மலைமேல் இருக்கும் தோட்டத்தைச் சூப்பர்வைசர் பால்ராஜிடம் விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது.

அவர் முன்னுரை தந்தால் மதுரைப் பதிப்பகம் ஒன்று கண்ணை மூடிக்கொண்டு அச்சடிக்கும். அதனால் சுற்றுவட்டாரத்தில் எழுதுகிறவர்கள் எல்லாம் அவர் வீட்டு மேஜையில் நோட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். போன வாரம் அந்தக் குவியலில் சிக்கியதுதான் இந்த நாற்பது பக்கம். எழுதியவர் பெயர் மகாராணி. புனைபெயரிலேயே எவ்வளவு கசப்பு என்று வியந்து, அதில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு வரச் சொல்லியிருந்தார்.

வந்தவளுக்கு முப்பது வயது இருக்கும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வா ஆத்தா. உக்காரு."

அவள் உட்காரவில்லை. "ஐயா படிச்சீகளா?"

"மூணு தடவை! 'எங்கள் கூலி லயத்தில் பதினோரு வீடு, ஒன்பதில் ஒழுகுகிறது'ன்னு ஆரம்பிச்ச பாரு, அங்கயே நான் விழுந்துட்டேன்."

"மழைக்கு முன்னால ஆகணும்யா. ஐயா கையெழுத்துப் போட்டாத்தேன் நடக்கும்."

முதல் புத்தகம் என்றால் எல்லாருக்கும் இந்த அவசரம் வரும் என்று அவர் சிரித்துக்கொண்டார். "போடுறேன். அதுக்குத்தேன் வரச் சொன்னேன்."

அவள் இரண்டு கையையும் கூப்பினாள். ஒரு எழுத்தாளரை உருவாக்கும் சுகம் சீனிச்சாமிக்கு உச்சிவரை ஏறியது.

"அந்த மொதலாளி இருக்கான்ல, நாப்பது பக்கத்துல ஒரு தடவைகூட வரலை. வராமலே நடுங்க வைக்கிறான். இந்த உத்தி ஒனக்கு எப்பிடித் தோணுச்சு?"

"அவக வர மாட்டாகய்யா" என்றாள் அவள், தயங்கித் தயங்கி.

"அதேன் அழகு! அப்பறம் அந்த சுப்புத்தாய். அவ பேறுகால வலியில துடிக்கிறா, ஜீப்பு ஏலக்காய் லோடை ஏத்திக்கிட்டுக் கீழ போயிருது. போர்வையில கட்டி ரோடு வரைக்கும் தூக்கிட்டு வர்றாக. பிள்ளையைப் பொழைக்க விடாம முடிச்ச பாரு, அங்கதேன் நீ எழுத்தாளர். வேற எவனா இருந்தாலும் பிள்ளை அழுதுச்சுன்னு எழுதிக் கெடுத்திருப்பான்."

"சுப்புத்தாயி என் தங்கச்சிங்கய்யா." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"எழுதுறவகளுக்குப் பாத்திரம் எல்லாமே சொந்தக்காரகதேன் ஆத்தா" என்று அவரும் உருகிப்போனார். "ஒரு வார்த்தை மிகை இல்லை. இதுதேன் வாழ்க்கை. இதுதேன் சத்தியம். ஒரே ஒரு கொறைதேன்."

கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். 'பார்த்துச் செய்வீர்கள் என்று நம்பியிருக்கிறோம்' என்ற வரியின்மேல் சிவப்புக் கோடு குறுக்கே ஓடியது.

"இம்புட்டு இருட்டையும் எழுதிட்டு முடிவுல போயி நம்பிக்கைய வைக்கலாமா? மொத்தமும் பாழாப் போச்சு. அதேன் அடிச்சிட்டேன்."

அவள் பதறிவிட்டாள். "அதை அடிச்சா எப்பிடிங்கய்யா? அதுக்குக் கீழதான இருபத்தி மூணு பேரும் கைநாட்டு வச்சோம்!"

"அது கதைமாந்தர் பட்டியல்தான? ரேகையெல்லாம் வச்சு நீ புது மாதிரி பண்ணியிருக்கன்னு நெனச்சேன்."

"என்ன கதைங்கய்யா?" அவள் வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள். "இது மனு. உங்க தோட்டத்து லயத்துலருந்து வர்றேன். கூரைக்குத் தகரமும், அவசரத்துக்கு ஒரு ஜீப்பும் கேட்டு எழுதுனோம். பால்ராசண்ணே வாங்க மாட்டேன்னுட்டாரு, அதேன் நேரா இங்க கொண்டாந்தேன். ஒம்போது வருசமா எங்ககிட்ட யாரும் கொறை கேக்கலை, அதேன் நாப்பது பக்கமாயிருச்சு. அந்த மொதலாளி நீங்கதேன்."

சீனிச்சாமி நோட்டை மூடினார். பேனாவையும் மூடிப் பையில் செருகிக்கொண்டார். அவள் பக்கம் திரும்பிக் கனிவாகச் சொன்னார்:

"எதையும் கொஞ்சம் நல்லவிதமாப் பாக்கப் பழகு ஆத்தா."