பழைய மெஷினுக்கு அடியில் எரியும் பல்பு

குன்னூர்க் கடன் கம்பெனியின் பின்னறையில் பட்டப்பகலிலும் ஒரு குண்டு பல்பு எரிகிறது. ஆளுக்கு வெளிச்சம் காட்ட அல்ல. பழைய கம்ப்யூட்டருக்கு அடியில், தரையோடு தரையாக எரிகிறது. ஜன்னலுக்கு வெளியே பனி. தேயிலை விலை விழுந்ததிலிருந்து தவணைக்கு அவகாசம் கேட்டு வருகிறவர்கள் அந்தப் பனிக்குள் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். புது கம்ப்யூட்டரோடு கோயமுத்தூரிலிருந்து வந்திருக்கும் நவநீதன் குனிந்து பல்பின் சுவிட்சுக்குக் கையை நீட்டுகிறான். "ஏனுங்க, அதைத் தொடாதீங்க!" ஆபரேட்டர் வேலாமணி நாற்காலியை விட்டு எழுந்தே விடுகிறாள். "அணைச்சா என்னாகுங்க மேடம்?" "தெரியாதுங்க. புரோகிராம் எழுதுன சார் வெச்சது. அவரு இப்ப உசுரோட இல்லை. யாருக்கு அவகாசம், யாருக்கு அபராத வட்டின்னு இந்தப் பழைய மெஷின்தான் சொல்லுது. எதை வெச்சுச் சொல்லுதுன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியாது." இவள் எதையோ மறைக்கிறாள் என்று அவன் நினைக்கிறான். இவன் என் நாற்காலிக்குத்தான் வந்திருக்கிறான் என்று அவள் நினைக்கிறாள். அன்றிலிருந்து இரண்டு வருஷமாக இரண்டு மெஷினும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. ஒரே கணக்கை அவள் இரண்டிலும் அடிக்கிறாள். விடையும் ஒன்றாகவே வருகிறது. "அதெப்படிங்க இவ்வளவு சுத்தமா ஒத்துப்போகும்? எனக்கு நம்பிக்கையில்லீங்க" என்கிறாள் அவள் ஒருநாள். அவன் சிரிக்க வாயைத் திறக்கும்போது பனி ஈரம் கோத்த புது மெஷினின் திரை இரண்டு முறை துடித்து இருண்டுபோகிறது. பழையது ஓடிக்கொண்டிருக்கிறது. நவநீதன் பல்பையே பார்க்கிறான்; அதன் சூட்டில் பழைய மெஷின் மட்டும் ஈரமில்லாமல் காய்ந்திருக்கிறது. பிறகு வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்கிறான்: "இந்த மாதிரி பல்பு எந்தக் கடையில கிடைக்குங்க?"