மார்பளவு வேலி

பனி வானத்திலிருந்து விழுகிறது என்ற மூடநம்பிக்கை படித்தவர்களிடையேகூடப் பரவியிருக்கிறது. மிகவும் வருத்தத்துக்குரியது. வாசலை அடைக்கும் பனியில் முக்கால்வாசி பக்கவாட்டில் வருகிறது. எங்கோ விழுந்து கிடந்ததைக் காற்று கிளப்பி, தள்ளிக்கொண்டு வந்து, எங்கே களைத்துப்போகிறதோ அங்கே போட்டுவிடுகிறது. (இங்கே பனி என்பது புல் நுனியில் மினுங்கும் சமாசாரம் அல்ல, மண்வெட்டியால் அள்ளும் சமாசாரம்.)

அந்தத் தெருவில் குளிர்காலம் முழுக்க மேற்குக் காற்றுதான். மேற்குக் கோடியில் பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமான வெறும் வெளி. அதை ஒட்டித் தையல்காரம்மாவின் முற்றம். முற்றத்தைத் தாண்டினால் பூகோளத்தின் வீடு.

பூகோளம் என்பது ஆளின் பெயரல்ல. அவர் முப்பது வருஷம் நடத்திய பாடம். ஓய்வு பெற்றபோது பாடம் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

இந்தக் குளிர்காலம் தொடங்குமுன் தையல்காரம்மா ஒரு காரியம் செய்திருந்தாள். முற்றத்தின் மேற்கு ஓரத்தில், இடைவெளி விட்டுப் பலகை அடித்து, ஒரு வேலி. பலன்: பனி அவள் முற்றத்துக்குள்ளேயே ஜன்னல் உயரத்துக்குக் குவிந்தது. துணி தைக்கக் கொடுக்க வந்தவர்கள் மூட்டையும் கையுமாக மலையேறினார்கள். இரண்டு பேர் பாதி மலையில் திரும்பி, வேறு கடை பார்த்துக்கொண்டார்கள்.

பூகோளத்துக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, வேலி பனியைத் தடுக்கும்னு யார் சொன்னது உங்களுக்கு?"

"யாரும் சொல்லல சார்."

"தடுக்காது. காத்தோட வேகத்தை உடைக்கும். வேகம் உடைஞ்ச காத்து, தூக்கிட்டு வந்ததை வேலிக்குப் பின்னாடி போட்டுடும். பின்னாடின்னா எது? உங்க வாசல்."

"அப்படிங்களா சார்."

"அஞ்சாம் வகுப்புப் பாடம். ஒரு அளவு கிளவு இல்லாம நட்டு வச்சிருக்கீங்க."

"அளவெடுத்துத்தான் சார் நட்டேன்."

"என்ன அளவு?"

"மார்பளவு."

கடிதம் கொடுக்க வந்த தபால்காரர் களுக்கென்று சிரித்தார். "சட்டைன்னு நினைச்சுட்டாங்க சார்." தபாலைவிட வேகமாக அந்த வாசகம் தெரு முழுக்கப் பட்டுவாடா ஆகிவிட்டது.

"இத்தனைக்கும் இந்த வருஷம் பனியே கம்மி," என்றார் பூகோளம். "என் வீட்டுக் கதவைப் பாருங்க. போன வருஷம் இடுப்பு வரைக்கும். இப்போ கணுக்கால் தாண்டல. காத்து திசை மாறிடுச்சு. பத்திரிகைக்கு எழுதிட்டிருக்கேன்."

"அப்போ இந்தம்மா வாசல்ல மட்டும் எப்படி சார் கொட்டுது?" என்றார் தபால்காரர்.

"அது காத்தால இல்லய்யா. மடத்தனத்தால."

போன வருஷம் அந்த இடுப்பளவுப் பனியை அள்ளும்போதுதான் பூகோளம் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இருபது நாள் ஆஸ்பத்திரி. இனி மண்வெட்டியைத் தொட்டால் அடுத்த தடவை இங்கே வரவே நேரம் இருக்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். "அவருக்கு இதயம் தெரியும், பனி தெரியாது" என்பது பூகோளத்தின் தீர்ப்பு. வேறு யார் அள்ளினாலும் கோணம் தப்பு என்று பிடுங்கிக்கொள்வார். மனைவி மண்வெட்டியை ஒளித்தாள். அவர் புதிதாக ஒன்று வாங்கிவந்தார்.

"ஞாயித்துக்கிழமை நானே வந்து வேலியைப் பிடுங்கிப் போடறேன். உங்க நல்லதுக்குத்தான்."

"வேணாம் சார். இருந்துட்டுப் போகட்டும்."

"பிழைப்பு போகுதேம்மா."

"போனது ரெண்டே பேர்தான் சார்."

வேண்டாம் என்பவருக்கு உதவி செய்வதில் கிடைக்கும் இன்பம் வாத்தியார்களுக்கு வேறெதிலும் கிடைப்பதில்லை. ஞாயிறு காலை கடப்பாரையோடு வந்தார். லீவு நாள் என்றும் பாராமல் தபால்காரரும் வந்தார்.

கடப்பாரை முதல் கம்பத்தின் அடியில் இறங்கியது.

"சார், ஒரு நிமிஷம்." தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்தாள். "வேலி இல்லேன்னா இந்தப் பனியெல்லாம் எங்கே போய் விழும்னு சொல்லிட்டுப் பிடுங்குங்க."

கேள்வி பாடத்திட்டத்துக்குள் இருந்தது. பூகோளம் உற்சாகமாக மேற்குக்கு முதுகைக் காட்டி நின்று, கையை நீட்டினார்.

"காத்து இப்படி வரும். உங்க வாசல்ல தடை எதுவும் கிடையாது, அதனால இங்கே நிக்காது. நேரா போகும். முதல்ல எது குறுக்கே வருதோ, அங்கே போய்…"

விரல் காட்டிய இடத்தில் ஒரு பச்சைக் கதவு இருந்தது. பக்கத்தில் அவருடைய புது மண்வெட்டி சாய்ந்திருந்தது, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

தபால்காரர் சிரிக்கவில்லை.

"இதை எப்போம்மா நட்டீங்க?"

"நீங்க மண்வெட்டி வாங்கிட்டு வந்த மறுநாள்."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நட விட்டிருப்பீங்களா சார்?"

பூகோளம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இருந்தாலும் இடம் தப்பு. அறுபதடி மேற்கே, பள்ளிக்கூட வெளியில நட்டிருக்கணும். யார் வாசலுக்கும் பனி வராது."

"வெளி என்னுது இல்லையே சார். வாசல்தான் என்னுது."

செவ்வாய்க்கிழமை தலைமையாசிரியரிடமிருந்து அனுமதி வந்தது. வியாழக்கிழமை பள்ளிக்கூட வெளியில் ஒரு வேலி நின்றது. குழி தோண்டியது தபால்காரர். பலகைகள் எல்லாம் வார்னிஷ் அடித்த நல்ல மரம். ஓரங்களில் 'மலைகள்', 'ஆறுகள்', 'காற்றுகள்' என்று சின்னச் சீட்டுகள் ஒட்டியிருந்தன.

பூகோளத்தின் புத்தகங்கள் அன்றிலிருந்து தரையில் கிடக்கின்றன.