அழைப்பு வராத மதியம்

காலையிலிருந்து எட்டுத் தொலைபேசிகளில் ஒன்றுகூட அடிக்கவில்லை.

வெளியே வானம் பொத்துக்கொண்டதுபோல் மழை. மதியம் இரண்டு மணிக்குள் முப்பது சென்டிமீட்டர். நான்கு வருடத்துக்கு முன்னால் நகரத்தில் பாதியை மூழ்கடித்த மழையும் ஏறக்குறைய இதே அளவுதான்.

வெள்ளக் கட்டுப்பாட்டு அறையின் மூத்த ஆபரேட்டர் அவள். மூன்றாவது முறையாக ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். லைனில் உயிர் இருந்தது.

“ஃபோன் நல்லாத்தான் இருக்குக்கா. ஊரும் நல்லா இருக்கு, அதான் யாரும் கூப்பிடல” என்றான் பக்கத்து நாற்காலிக்காரன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. வாய் ஓயாததால் அதற்குள் ரேடியோ என்று பெயர் வாங்கிவிட்டான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மணிக்கு ஒரு தடவை அவளேதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், சதுப்பு நிலத்தின் காவலாளியை. அளவுக் கம்பத்தில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை.

“எவ்வளவு வந்தாலும் உள்ள வாங்கிக்குதும்மா. இன்னும் ரெண்டடி மிச்சம் இருக்கு. தெருப்பக்கம் ஒரு சொட்டு திரும்பல.” பேறுகாலம் நல்லபடியாக முடிந்த வீட்டுக்காரர் மாதிரி இருந்தது அவர் குரல்.

போன வெள்ளத்தின்போது அந்தச் சதுப்பு பெயருக்குத்தான் சதுப்பு. பாதிக்கு மேல் கட்டட இடிபாடு, மீதியில் குப்பை. இறங்க இடமில்லாத தண்ணீர் வந்த வழியே திரும்பி வீடுகளுக்குள் புகுந்தது.

அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் கண் திறந்தது. வெயிலும் மழையும் இனி பழைய கணக்குப்படி வராது என்றார்கள் நிபுணர்கள். இரண்டு வருடம் லாரி லாரியாக இடிபாட்டை அள்ளினார்கள். அடைபட்டுக் கிடந்த கால்வாய்களின் வாயை வெட்டித் திறந்தார்கள். கோரையும் நாணலும் நட்டார்கள்.

நட்டவர்களில் அவளும் ஒருத்தி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறியதில்லை. சேற்றில் இறங்கி, ஓட்டுச்சில்லையும் கதவுச்சட்டத்தையும் துருப்பிடித்த கம்பியையும் வெறும் கையால் பிடுங்கிப் போடுவாள். கையுறை கொடுத்தால் வாங்கமாட்டாள். திங்கட்கிழமை நகக்கண்ணில் கறுப்போடு வந்து உட்காருவாள். ‘அக்காவுக்குச் சதுப்புப் பைத்தியம்’ என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். அது அவள் காதிலும் விழுந்தது.

மூன்று மணிக்குக் கண்காணிப்பாளர் உள்ளே வந்தார்.

மழை குறைகிறது, எங்கும் தண்ணீர் தேங்கவில்லை, ஒரு படகைக்கூட இறக்க வேண்டியிருக்கவில்லை என்றார். அறையே எழுந்து நின்று கை தட்டியது. ரேடியோ மேசையில் தாளம் போட்டான்.

அவள் மட்டும் உட்கார்ந்தபடியே அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாமல், தோள் குலுங்க.

ரேடியோ பதறிப்போய் வாயைத் திறந்தான். கண்காணிப்பாளர் அவன் தோளில் கை போட்டு, எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு வரலாம் என்று வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான்கு வருடத்துக்கு முன்னால், அவள் கணவரை வெள்ளம் கொண்டுபோன நாளின் பதிவேட்டைப் பிற்பாடு புரட்டிப் பார்த்தவர் அவர். அதைப்பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அன்றைக்கு இந்த எட்டுத் தொலைபேசிகளும் ஓயவே இல்லை. கைபேசிகளை வாசலில் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். அதனால் உள்ளே இருப்பவர்களைத் தேடுவது யாராக இருந்தாலும் வெள்ள அவசர எண்ணுக்குத்தான் கூப்பிட முடியும்.

படகுகள் கொஞ்சம். கேட்டவர்கள் ஏராளம். கழுத்தளவுத் தண்ணீர் என்றால் முதலில், இடுப்பளவு அடுத்து, முழங்கால் கடைசி. யாருக்காகவும் வரிசையை மாற்றக்கூடாது என்று உத்தரவு.

சாயங்காலம் ஒரு ஆண் குரல் வந்தது.

“மேடம், ஒரு படகு கிடைக்குமா?”

தண்ணீர் எவ்வளவு என்று கேட்டாள்.

“முழங்கால்தான் மேடம். அவசரமே இல்ல. நீங்க மத்தவங்களைப் பாருங்க.”

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் கனமான ஏதோ ஒன்று மிதந்து வந்து சுவரில் மோதியது. லைன் அறுந்துபோனது. அடுத்த தொலைபேசி அடிக்கத் தொடங்கியிருந்தது. அதில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது.

அவள் பதிவேட்டை இழுத்தாள். அழைத்தவரின் பெயரை அவள் கேட்டிருக்கவில்லை. முகவரியையும் கேட்டிருக்கவில்லை. இரண்டையும் அவளாகவே எழுதினாள்.

வீட்டிலும் கிண்டலாக அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவார். காய்ச்சல் நூற்றி மூன்றைத் தொட்டபோதும், லேசாகச் சூடு, நீ வேலைக்குக் கிளம்பு என்றவர். இருபத்திரண்டு வருடத்தில் தன் கஷ்டத்தில் பாதியைக்கூட அவளிடம் சொல்லாதவர்.

அது உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

தெரிந்தும், தண்ணீர் அளவு என்ற கட்டத்தில், முழங்கால் என்றே எழுதினாள்.