நடுவில் யார்

அம்மாவின் முதுகில் கடைக்காரம்மா ஏழாவது கிளிப்பை மாட்டினாள்.

அந்தக் கடையில் வாடகைக்கு இருந்த ஆவ்யாய் பட்டு அங்கிகளிலேயே அதுதான் சின்ன அளவு. அப்படியும் தொளதொளவென்று தொங்கியது. பின்னால் இழுத்துக் கிளிப் போட்டால் முன்னாலிருந்து தெரியாது, படத்தில் சிக்கென்று இருக்கும் என்றாள். அதோடு விட்டாளா? இந்த வயதில் இப்படி இளைப்பதற்கு என்ன செய்கிறீர்கள், எனக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன் என்று அம்மாவையே கேட்டாள்.

நானும் லியென் அக்காவும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம். அக்கா வயிற்றுப்புண் என்றாள். நான் கஞ்சி என்றேன்.

அம்மா கண்ணாடியைப் பார்த்துக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லி ஐந்து வாரம் ஆகிறது. கணையத்தில் புற்று. ஆறு மாதம் தாங்கினால் பெரிய விஷயம். எங்கள் ஊரில் இதையெல்லாம் நோயாளியிடம் சொல்ல மாட்டார்கள். சொன்னால் பாதி உயிர் அங்கேயே போய்விடும். அதனால் வயிற்றுப்புண். மாத்திரை டப்பாக்களை வெந்நீரில் ஊறப்போட்டு லேபிளைச் சுரண்டியது நான்தான். எங்கள் ஊரான வின் லாங்கிலிருந்து இந்தப் பழைய நகரமான ஹோய் ஆனுக்குப் படம் எடுத்துக்கொள்ள வந்ததுகூட எனக்கு லீவு மிச்சம் இருக்கிறது என்ற பொய்யில்தான்.

இந்த ஐந்து வாரத்தில் நான் ஒரு நாளும் ஒழுங்காகத் தூங்கவில்லை. யாராவது அம்மாவிடம் பேச வந்தாலே எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

சீக்கிரம் எடுத்து முடியுங்கள், வெயில் ஏறுகிறது என்று போட்டோ எடுக்கும் கியெட்டை அரித்துக்கொண்டே இருந்தேன். ஏழரை மணிக்கு என்ன வெயில்? பாவம் அந்த மனுஷன். மஞ்சள் சுவரோரம் காகிதப்பூக் கொடிக்குக் கீழே அம்மாவை நிறுத்தினான். ஓலைத் தொப்பியை மார்போடு பிடிக்கச் சொன்னான். பிறகு அம்மாவும் அக்காவும். பிறகு அம்மாவும் நானும்.

முடிந்தது என்று நான் மூச்சு விடுவதற்குள், மூன்று பேரும் ஒன்றாக நில்லுங்கள் என்றான்.

மூன்று பேராகப் படம் எடுத்தால் நடுவில் நிற்பவர் முதலில் போய்ச் சேர்ந்துவிடுவார் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. நம்பாதவர்கள்கூட எதற்கு வம்பு என்று அப்படி நிற்க மாட்டார்கள். அப்பா இருந்தவரை நாங்கள் நான்கு பேர், கவலை இல்லை. அவர் போனபிறகு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து எடுத்த படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை.

கியெட்டுக்கும் இது தெரியாமல் இல்லை. இதற்கென்றே பையில் ஒரு துணிக்கரடி வைத்திருந்தான். யாராவது ஒருவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டால் நான்கு பேர் கணக்கு.

"இவ்வளவு அழகா உடுத்திக்கிட்டுக் கரடியோடவா நிக்கறது?" என்றாள் அம்மா.

அப்படியானால் இந்தப் படமே வேண்டாம் என்றேன். வேண்டும் என்றாள். தெருவில் போன யாரையாவது கூப்பிடலாம் என்றாள் அக்கா. நம் படத்தில் ஊரான் எதற்கு என்றாள் அம்மா.

சட்டென்று அக்கா நடுவில் போய் நின்றுகொண்டாள். வீட்டில் இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு வந்திருக்கிறவள், புத்தி இருக்கிறதா? அவளைத் தள்ளிவிட்டு நான் நின்றேன். அவள் என் தோளைப் பிடித்து இழுத்தாள். நான் நகரவில்லை. என் கழுத்தோரப் பொத்தான் பட்டென்று விட்டுக்கொண்டது. முப்பத்தெட்டு வயதும் முப்பத்து நான்கு வயதுமான இரண்டு பெண்கள் நடுத்தெருவில் பட்டுடுத்திக்கொண்டு மல்லுக்கு நின்றோம். கியெட் கேமராவை இறக்கிவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

அம்மா வந்தாள். என்னை ஒரு பக்கம், அக்காவை ஒரு பக்கம் நகர்த்தினாள். நடுவில் நின்றாள்.

"அம்மா, நீ மட்டும் அங்க நிக்காத," என்றேன். வாயை விட்டுவிட்டேன் என்று தெரிந்தது. அக்கா என்னை முறைத்தாள்.

அம்மா எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்தபடி என் பொத்தானைத் தடவிக் கண்டுபிடித்துப் போட்டுவிட்டாள். பிறகு எங்கள் இருவர் இடுப்பிலும் கையைக் கோத்துக்கொண்டாள்.

"நடுவுல நிக்கறவங்கதானே முதல்ல போகணும்? அப்ப நான்தான்டி நிக்கணும்," என்றாள் மெதுவாக. "எனக்கு எப்பவோ தெரியும். உங்க ரெண்டு பேராலயும் தாங்க முடியாதேன்னுதான் காட்டிக்கல."

கியெட் கேமராவைத் தூக்கி, எல்லோரும் சிரியுங்கள் என்றான்.

அம்மா மட்டும் சிரித்தாள்.