விடை கொடுப்பவன்

செவ்வாய்க் கிரகத்துக்குப் போகும் கப்பல் திரும்பி வராது. அதனால், வீட்டில் ஒருவர் விடை கொடுத்தால்தான் காவலர் கப்பலின் கதவைத் திறப்பார். அங்கே வேலைக்குக் கிளம்பிய வெல்டர் மங்களேஸ்வரிக்கு இருந்தது ஒரே மகன், எசக்கிமுத்து.

"விடைன்னா டாட்டா காட்டுறது இல்லம்மா. அனுமதின்னு அர்த்தம். அந்தக் காலத்துல ராஜா விடை குடுத்தாத்தான் புலவரே சபையை விட்டுக் கிளம்புவாராம். நான் குடுக்க மாட்டேன்."

மங்களேஸ்வரி அசரவில்லை.

"ஏலே, ஹாஸ்டலுக்குப் போனே, துபாய்க்குப் போனே, கல்யாணம் முடிச்சுத் தனியாப் போனே. ஒரு தடவையாவது எங்கிட்ட கேட்டியா? நானாத்தான் பையைக் கட்டிக் குடுத்தேன். இப்ப நான் உங்கிட்ட கேக்கேன்."

எசக்கிமுத்து குனிந்து அவளுடைய பையை எடுத்தான். ஜிப் சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்து, அவள் தோளில் மாட்டிவிட்டான்.

காவலர் கதவைத் திறந்தார்.