பெயரில்லாத படங்கள்

அன்று காலை வீட்டுத் திரைகள் எல்லாம் எழுத்தைக் கைவிட்டுப் படங்களுக்கு மாறிவிட்டன. கணவருக்கு மூச்சு இரைத்தபோது, பார்வையற்ற தமயந்தி அவருடைய மூச்சுக் கருவியின் திரையைத் தொட்டாள். “பெயரில்லாத படம்,” என்றது திரையை வாசித்துக் காட்டும் குரல். பக்கத்திலிருந்த படத்தைத் தொட்டபோதும் அதையே சொன்னது. ஒன்று காற்றைக் கூட்டும், மற்றது நிறுத்திவிடும்.

உதவி எண்ணுக்கு அழைத்தாள். படங்களை வரைந்த நன்மாறனே எடுத்தான். காற்றைக் கூட்டும் படம் எது என்று கேட்டாள்.

“இலை மாதிரி இருக்கும்மா. பார்த்தாலே தெரியும்.”

“எனக்குக் கண்ணு தெரியாது தம்பி. அதுக்கு ஒரு பேரு வைக்கலியா?”

மறுமுனையில் தட்டச்சு செய்யும் ஓசை கேட்டது.

“இப்பத் தொடுங்கம்மா.”

“காற்றைக் கூட்டு,” என்றது குரல். அழுத்தினாள். கணவரின் இரைப்பு மெல்லத் தணிந்தது.

“போனை வச்சிடாதீங்க தம்பி,” என்றாள். “அடுப்புத் திரைக்கும் படம் நீங்கதானே வரைஞ்சீங்க?”