காளான் இருக்கும் இடம்

"பிராக் நகரத்துல பூங்காவெல்லாம் மஞ்சள் இலையாக் கெடக்குது, வந்து நாலு நாள் இருங்கப்பா" என்று கூப்பிட்ட மகள் ராட்காவை, "நீ இங்க வா. காளான் இருக்கிற இடம் ஒண்ணு காட்டுறேன்" என்று வரவழைத்துவிட்டார் போஹுமில்.

கேட்டதுமே ராட்கா பயந்துபோய் அடுத்த ரயிலைப் பிடித்தாள். அப்பாவின் ஊர்ப்பக்கம் காளான் முளைக்கும் இடத்தைக் கட்டிய மனைவிக்குக்கூடச் சொல்லமாட்டார்கள். சாகக் கிடக்கும்போது பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்வதோடு சரி.

காட்டுக்குள் அவர் கூடையோடு முன்னால் ஓடினார். நொடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"மெதுவாப் போங்கப்பா, மூச்சு வாங்குது பாருங்க. டாக்டரைப் பார்த்தீங்களா?"

"போன வாரம்கூட ஆஸ்பத்திரிக்குப் போனேனே."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"வெளிய சொல்ற விஷயமா அது? வா, நேரமில்லை."

ஓக் மரத்தடியில் உதிர்ந்த இலைகளைக் காலால் விலக்கினார். கொழுகொழுவென்று பழுப்புக் காளான்கள். ராட்கா குனியவில்லை, அழுதுவிட்டாள்.

"எதுவானாலும் மறைக்காமச் சொல்லுங்கப்பா. என்ன வியாதி?"

"யாருக்கு, எனக்கா? பக்கத்து வீட்டு ஓல்ட்ரிச்சுக்குத்தான் கால் முறிஞ்சிருச்சு. பார்க்கப் போனேன். மயக்க மருந்து தெளியாம, இந்த இடத்தை உளறிட்டான். நாளைக்கு வீட்டுக்கு வந்துருவான். அதுக்குள்ள வழிச்சு எடுக்க எனக்குத் துணைக்கு ஒரு ஆள் வேணாமா?"

ராட்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு முறைத்தாள். "அப்போ உங்க இடம்?"

"அதைச் சாகும்போது சொல்றேன். உனக்கென்னம்மா அவ்வளவு அவசரம்?"